துன்பத்திற்குப் பின் விடிவு: தனூகீயின் கதைகளும் அன்றாட வாழ்வும்

மஜ்லிஸ்களில் சொல்லப்படும் கதைக்கும் மனிதன் நாள்தோறும் வாழும் வாழ்வுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து பார்க்க விரும்புவோருக்கு, அரபு இலக்கியத்தில் அத்-தனூகீயின் நூல்கள் மிகப் பொருத்தமான களமாகும். கதை பொய் என்பதால் வாழ்விலிருந்து வேறுபடுகிறது என்று பொதுவாகக் கருதப்படுகிறது. நாம் இங்கு முன்வைக்க விரும்புவது வேறொரு கருத்து. கதை முற்றிலும் மெய்யாக இருந்தும் வாழ்விலிருந்து வெகுதூரம் விலகி நிற்க முடியும். அந்த விலகலை அறியாமல் வாசிப்பவன், பிறருடைய துன்பத்தை மட்டுமன்றித் தன்னுடைய துன்பத்தையும் தவறாக அளக்கத் தொடங்குகிறான்.

அபூ அலீ அல்-முஹஸ்ஸின் அத்-தனூகீ, ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் பஸ்ராவில் பிறந்தவர், காழியின் மகன். தாமும் இராக்கிலும் குஸிஸ்தானிலும் பல ஊர்களில் காழியாகப் பணியாற்றி, ஹிஜ்ரி 384இல் (கி.பி. 994) மறைந்தார். அப்பாஸிய கிலாபத்தின் அதிகாரம் தேய்ந்து, கி.பி. 945இல் பக்தாத் புவைஹிகளின் கைக்குப் போன காலம் அது. பதவிகள் ஒரே இரவில் பறிபோயின. செல்வர்களின் உடைமைகள் பறிமுதல் செய்யப்பட்டன. நேற்றைய வஸீர் இன்றைய கைதியானார். தனூகீயும் இதற்கு விலக்கல்லர். அளுதுத் தவ்லாவின் அவையில் செல்வாக்குடன் இருந்தவர், பின்னர் அவனது சினத்திற்கு ஆளாகி வீட்டுக்காவலில் அடைபட்டார். கி.பி. 983இல் அந்த ஆட்சியாளன் இறந்தான்.

அவருடைய இரு நூல்கள் நமக்கு முக்கியமானவை. ஒன்று 'நிஷ்வாருல் முஹாளரா'. நீண்ட இடைவெளிக்குப் பின் ஹிஜ்ரி 360இல் பக்தாத் திரும்பிய தனூகீ, தாம் முன்பு கேட்டு மகிழ்ந்த கதைகளைச் சொன்ன முதியவர்களுள் பெரும்பாலோர் மறைந்துவிட்டதையும், எஞ்சிய கதைகள் திரிந்து வழங்குவதையும் கண்டு, நூல்களில் ஏறாத வாய்மொழிகளைத் தொகுக்க முனைந்தார். மர்கோலியத் 1922இல் அதன் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். மற்றொன்று 'அல்-ஃபரஜ் பஅத அஷ்-ஷித்தா', அதாவது துன்பத்திற்குப் பின் விடிவு. அல்-மதாயினீ, இப்னு அபித் துன்யா போன்ற முன்னோர் இப்பொருளில் எழுதிய சிறுநூல்கள் தம் இடுக்கணில் தமக்கு ஆறுதல் அளித்ததாகவும், அவற்றினும் விரிவான ஒன்றைத் தாம் ஆக்க விழைந்ததாகவும் முன்னுரையில் தனூகீ கூறுகிறார். பதினான்கு இயல்கள் கொண்டது அந்நூல். திருமறை பேசும் விடிவுகளில் தொடங்கி, சிறையிலிருந்து மீண்டோர், கனவினால் வழிபெற்றோர், கொடுவிலங்குகளிடமிருந்து தப்பியோர், கடும் பிணி நீங்கியோர், கள்வரிடமிருந்து பிழைத்தோர், பிரிந்து கூடிய காதலர் என்று அது விரிகிறது.

இரு நூல்களின் அமைப்பிலேயே நாம் தேடும் வேறுபாடு அடங்கியிருக்கிறது. நிஷ்வாரில் தனூகீ வேண்டுமென்றே எந்த வரிசையையும் பின்பற்றவில்லை. வஸீரின் பெருந்தன்மையும் திருடனின் தந்திரமும் ஒரு பைத்தியக்காரனின் சொல்லும், மஜ்லிஸில் எப்படி வந்து விழுந்தனவோ அப்படியே அடுத்தடுத்து நிற்கின்றன. ஃபரஜிலோ ஒவ்வொரு கதையும் ஓர் இயலுக்குரியது. ஒவ்வோர் இயலும் ஒரே திசையில் நடப்பது. சில கதைகள் இரு நூல்களிலும் இடம்பெறுகின்றன. அதே நிகழ்ச்சி, அதே மாந்தர். ஆயினும் முதல் நூலில் அது எப்படி முடியும் என்று அறியாமல் வாசிக்கிறோம். இரண்டாம் நூலில், தலைப்பைக் கண்டவுடனேயே முடிவை அறிந்துவிடுகிறோம். அன்றாட வாழ்வுக்குத் தலைப்பு கிடையாது. துன்பத்தில் இருப்பவன் தான் எந்த இயலில் இருக்கிறான் என்பதை அறியமாட்டான். அறியாமையே அத்துன்பத்தின் பாதி.

முதல் வேறுபாடு, கதை எங்கே நிறுத்தப்படுகிறது என்பதில் இருக்கிறது. கலீஃபா அல்-முக்ததிரின் வஸீர் இப்னுல் ஃபுராத்தை எடுத்துக்கொள்வோம். அவர் மூன்று முறை வஸீராக இருந்தவர். கி.பி. 908இல் பதவியேற்று 912இல் வீழ்ந்தார். 917இல் மீண்டும் அழைக்கப்பட்டு மறு ஆண்டே வீழ்ந்தார். 923இல் மூன்றாம் முறை ஏறி, 924இல் மகனோடு கொல்லப்பட்டார். இவரது வரலாற்றை 917இல் நிறுத்தினால் அது துன்பத்திற்குப் பின் விடிவு. 923இல் நிறுத்தினால் இருமடங்கு விடிவு. ஓராண்டு தள்ளி நிறுத்தினால் அது வேறு நூலுக்குரிய கதை. எழுத்துக் கலையின் பேராசான் இப்னு முக்லாவும் மூன்று முறை வஸீராக இருந்தவரே. வலக்கை வெட்டுண்டு, கி.பி. 940இல் சிறையில் இறந்தார். நிகழ்ச்சிகளில் ஒன்றையும் மாற்றாமல், நிறுத்தும் இடத்தை மட்டும் மாற்றிக் கதைசொல்லி பொருளை மாற்றிவிடுகிறான். வாழ்பவனுக்கு அந்த உரிமை இல்லை. விடிந்த நாளுக்கு மறுநாளையும் அவன் வாழ்ந்தாக வேண்டும்.

இரண்டாவது வேறுபாடு, கதை சொல்ல எஞ்சியிருப்பவர் யார் என்பதில் இருக்கிறது. நீர்க்கோவை நோயால் வீங்கிய ஒருவரின் கதை ஃபரஜில் வருகிறது. மருத்துவர்கள் கைவிட்ட நிலையில், சாகும் முன் விரும்பியதை உண்போம் என்று அவர் தெருவில் விற்ற வெட்டுக்கிளிகளை வாங்கித் தின்கிறார். நாட்கணக்கில் வயிறு போகிறது; நோய் நீங்குகிறது. வியந்த மருத்துவர் விற்றவனைத் தேடிச் சென்று விசாரிக்கிறார். அந்த வெட்டுக்கிளிகள் மாஸர்யூன் என்னும் கடும் பேதிமூலிகையை மேய்ந்தவை என்பதும், அவற்றின் வயிற்றில் பக்குவப்பட்டு மூலிகையின் கடுமை தணிந்ததே நோயாளிக்கு மருந்தாயிற்று என்பதும் தெரியவருகின்றன. அற்புதத்தை அற்புதமாகவே விட்டுவிடாமல் காரணம் தேடும் இக்கதை நம் மதிப்புக்குரியது. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. அதே நோயால் வீங்கி, விரும்பியதை உண்டு, இறந்துபோனவர்கள் எத்தனை பேர்? அவர்களுள் எவரும் மஜ்லிஸுக்கு வந்து தம் கதையைச் சொல்லவில்லை. சிங்கத்திடமிருந்து தப்பியவன் பேசுகிறான். சிங்கத்தின் வாய்ப்பட்டவனுக்கு நாவில்லை. மீண்டவர்களின் சாட்சியத்தால் மட்டுமே நிறைந்த ஒரு நூலில், மீட்சி விதியாகவும் அழிவு விலக்காகவும் தோன்றுவது இயல்பே.

இங்கே அறிவிப்பாளர் தொடரைப் பற்றி ஒரு சொல். தனூகீ தம் கதைகளுள் பலவற்றுக்கும் இஸ்னாத் தருகிறார். யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார் என்பதைக் கூறாமல் கதையைத் தொடங்குவது அவருக்கு உவப்பானதன்று. பள்ளிவாசல்களில் மக்களைக் கவர்வதற்காகக் கதை புனைந்த காஸ்கள் மீது ஹதீஸ் அறிஞர்கள் கொண்டிருந்த ஐயத்தை அவர் நன்கறிந்தவர். அந்த ஐயத்தைப் பிற்காலத்தில் தனி நூலாகவே விரித்தவர் இப்னுல் ஜவ்ஸீ. ஆனால் இஸ்னாத் விடையளிப்பது ஒரு கேள்விக்குத்தான்: இது நடந்ததா? 'இது எத்தனை பேருக்கு நடக்கும்?' என்ற கேள்விக்கு விடை சொல்வது அதன் பணியன்று. நீதிமன்றத்தில் நேர்மையான இரு சாட்சிகள் ஒரு வழக்கை நிலைநாட்டலாம். ஓர் ஊரின் வழக்கத்தை அவர்கள் நிலைநாட்டிவிட்டதாக எந்தக் காழியும் தீர்ப்பெழுதமாட்டார். ஒரு கதையின் உண்மையை உறுதிசெய்துகொண்ட நாம், அதன் பொதுமையையும் உறுதிசெய்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். கதையை வாழ்வாகப் பிழைபட வாசிப்பது இங்கேதான் தொடங்குகிறது.

ஃபரஜில் மிகப் புகழ்பெற்ற கதை கனவின் கதை. பரம்பரைச் செல்வத்தை அழித்த பக்தாத்காரன் ஒருவனுக்கு, உன் செல்வம் எகிப்தில் இருக்கிறது என்று கனவில் சொல்லப்படுகிறது. அவன் அங்கே சென்று, வழியற்று இரவில் இரக்கப் புறப்பட்டுக் காவலனிடம் அகப்பட்டு அடிபடுகிறான். கனவைக் கேட்ட காவலன் நகைக்கிறான்: பக்தாதில் இன்ன வீட்டில் புதையல் இருப்பதாக எனக்கும்தான் பல்லாண்டுகளாகக் கனவு வருகிறது, அதை நம்பி நான் புறப்பட்டேனா என்கிறான். அவன் கூறிய வீடு அடிபட்டவனுடைய வீடே. அவன் திரும்பிச் சென்று புதையலை எடுக்கிறான். இக்கதை ஆயிரத்தோர் இரவுகளில் புகுந்தது; மௌலானா ரூமியின் மஸ்னவி ஆறாம் பாகத்தில் ஞானப் பொருள் பெற்றது; 1935இல் போர்ஹெஸின் நூல் வழியாக ஸ்பானிய மொழியையும் அடைந்தது.

இத்தனை மொழிகளில் இத்தனை பேர் சொல்லியும், அந்தக் காவலன் பின்னர் என்ன ஆனான் என்று கேட்டவர் அரிது. அவன் பொய் சொல்லவில்லை. அவன் கண்ட கனவும் மெய்யே. கடமையைச் செய்தான், தானறியாமலே பிறனுக்கு வழிகாட்டினான், மறுநாள் இரவும் அதே தெருவில் காவலுக்குச் சென்றிருப்பான். கதை அவனை வாயிலாக மட்டும் பயன்படுத்திக்கொண்டு கடந்துபோகிறது. நம்முள் மிகப் பெரும்பாலோரின் அன்றாட அனுபவம் பக்தாத்காரனுடையதன்று, காவலனுடையது.

காவலனின் வாழ்வைப் பதிவுசெய்யும் எழுத்து அக்காலத்தில் இல்லாமலில்லை. தனூகீ மறைந்து ஏறத்தாழ எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், அதே பக்தாதில் வாழ்ந்த ஹன்பலி அறிஞர் இப்னுல் பன்னா (மறைவு கி.பி. 1079) தம் கையால் எழுதிய நாட்குறிப்பின் ஒரு பகுதி எஞ்சியிருக்கிறது. கி.பி. 1068-69இன் ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தை உள்ளடக்கிய அதனை, ஜார்ஜ் மக்திஸி 1956-57இல் பதிப்பித்தார். இன்னார் இறந்தார், இன்னார் கனவு கண்டார், அதற்கு இன்ன பொருள் சொல்லப்பட்டது, அறிஞர்களிடையே இன்ன பிணக்கு மூண்டது. இப்படியே நாட்கள் செல்கின்றன. இங்கும் கனவுகள் உண்டு; ஆனால் புதையல் கிடைக்கும் வரை எழுதுகோல் காத்திருப்பதில்லை. நாளை என்ன நேரும் என்பதை அறியாத ஒருவர் இன்றைய நாளை எழுதுகிறார். கதை என்ற அளவில் அது தனூகீயின் நூலுக்கு நிகராகாது, சுவையும் குறைவு. எனினும் பக்தாதில் ஒரு மனிதனுக்கு ஒரு திங்கட்கிழமை எப்படிக் கழிந்தது என்பதை ஃபரஜின் பதினான்கு இயல்களைக் காட்டிலும் இந்த எளிய குறிப்புகளே நமக்குக் காட்டுகின்றன.

மூன்றாவது வேறுபாடு காலத்தைப் பற்றியது. கதையில் பத்தாண்டுச் சிறை ஒரு வரியில் கழிகிறது. பத்தாண்டு என்ற சொல்லை வாசிக்க எடுக்கும் நேரத்தில் வாசகனின் பொறுமை சோதிக்கப்படுவதில்லை. இதனை எண்ணும்போது, கதைகளுள் அழகியதென்று திருமறை சிறப்பிக்கும் யூசுப் நபியின் வரலாறு காலத்தை எப்படிக் கையாள்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். விடுதலையான சிறைத்தோழன் யூசுபை மறந்துவிடுகிறான். அந்த மறதியால் சிறைவாசம் ஆண்டுகளாக நீள்கிறது. அழகிய பொறுமையை மேற்கொண்ட யஃகூப் நபி அழாதிருக்கவில்லை; துயரத்தால் அவர் கண்கள் வெளுத்துப்போயின. விடிவு வருகிறது, ஆனால் அதற்கு முன் கழிந்த காலம் மறைக்கப்படவில்லை. தமிழ் முஸ்லிம்களின் கிஸ்ஸா இலக்கியத்திலும் பெருவிருப்போடு பாடப்பட்ட இவ்வரலாற்றில் நம் கண்ணில் முதலில் படுவது மன்னனின் அவையும் களஞ்சியப் பொறுப்பும்தான். யஃகூபின் கண்கள் பின்னாலேயே நினைவுக்கு வருகின்றன. இனி, அதே திருமறையின் அல்-புரூஜ் அத்தியாயம் அகழிக்காரர்களைப் பற்றிப் பேசுகிறது. இறைநம்பிக்கையைத் தவிர வேறெந்தக் குற்றமும் அற்றவர்கள் நெருப்புக்கு இரையாயினர். எரிக்கப்பட்டோர் இவ்வுலகில் மீண்டதாக அங்கு ஒரு சொல்லும் இல்லை. விடிவு இவ்வுலகிலேயே, கண்காண வந்து சேரும் என்பது ஒவ்வொருவருக்கும் அளிக்கப்பட்ட வாக்குறுதியன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இவ்வளவும் கூறியது தனூகீயைக் குறைகூறும் நோக்கிலன்று. அவர் துன்பத்தில் இருந்தவர். துன்பத்தில் இருப்போருக்காக எழுதினார். நம்பிக்கை முற்றிலும் அற்றுப்போன நெஞ்சுக்கு, 'ஒருமுறையேனும் ஒருவனுக்குக் கதவு திறந்தது' என்ற செய்தி போதும். அது எத்தனை பேருக்குத் திறந்தது என்ற கணக்கு அப்போது தேவையில்லை. அவ்வளவில் அந்நூல் தன் பணியை ஆயிரம் ஆண்டுகளாகச் செம்மையாகச் செய்துவருகிறது.

கேடு நேர்வது அந்தக் கதையை அளவுகோலாகக் கையில் எடுக்கும்போதுதான். நோயாளியின் கட்டிலருகே அமர்ந்து, இதே நோயிலிருந்து மீண்ட ஒருவரின் கதையைச் சொல்கிறோம். கடனில் மூழ்கியவரிடம், கடனிலிருந்து எழுந்து செல்வரானவரை எடுத்துக்காட்டுகிறோம். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம், பொறுமையின் பயனாய் இழந்ததற்கு மேல் பெற்ற வேறொரு தாயைப் பற்றிப் பேசுகிறோம். சொல்பவர் ஆறுதலென்று எண்ணியே சொல்கிறார். கேட்பவருக்கோ அது குற்றச்சாட்டாக ஒலிக்கிறது: அவருக்கு விடிந்தது, உனக்கு விடியவில்லையெனில் உன் பொறுமையில், உன் துஆவில், உன் ஈமானில் எங்கோ ஒரு குறை இருக்கிறது என்பதாக. மீண்டவரின் கதை மெய்யாக இருப்பதாலேயே அந்தக் குற்றச்சாட்டு ஆழமாய்த் தைக்கிறது. பொய்க்கதையாயின் தள்ளிவிடலாம், மெய்க்கதைக்கு முன் துன்புறுபவர் வாயடைத்துப் போகிறார்.

ஆகவே தனூகீயின் ஒவ்வொரு கதையையும் அவர் வாழ்ந்த நூற்றாண்டோடு சேர்த்து வாசிப்பதே முறையென்று கருதுகிறோம். விடுதலையான கைதியை வாசிக்கையில் இப்னு முக்லாவின் சிறையையும், புதையல் பெற்றவனை வாசிக்கையில் காவலனின் தெருவையும் உடன் நினைத்துக்கொள்வோமாக. விடிவு உண்டு என்பதற்குக் கதை சாட்சி. விடியாதவர் தோற்றவர் என்பதற்கு அது சாட்சியன்று. இவ்விரண்டையும் பிரித்தறியும் வாசகர், துன்பத்தில் இருப்பவர் வீட்டுக்குச் செல்லும்போது கதையைச் சற்று ஒதுக்கிவைத்து, அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பார். முடிவில்லாத அந்தப் பேச்சுக்கு எந்த நூலிலும் இயல் ஒதுக்கப்படவில்லை. கேட்பதற்கு ஒருவர் இருந்தால் போதும்.