தலைப்பும் தலையும்

"இந்தக் கிழமைக்குரிய தலைப்பு: நிலவொளியில் ஒரு சாளரம்."

அறிவிப்பு வெளிவருகிறது. ஐந்நூறு சொற்களுக்கு மிகாமல் எழுதவேண்டும். ஞாயிறு இரவுக்குள் அனுப்பவேண்டும். இளைஞர்கள் எழுதிக் குவிக்கின்றனர். திங்களன்று பாராட்டு, செவ்வாயன்று அடுத்த தலைப்பு. கிழமைக்கொரு தலைப்பு, தலைப்புக்கொரு போட்டி என்று எழுத்து வட்டங்கள் பலவற்றில் இன்று இம்முறை வேரூன்றி நிற்கிறது.

இதைக் கண்டு முகஞ்சுளிப்போர் உண்டு. "கவிதை என்ன, கடையில் நிறுத்து வாங்கும் சரக்கா? ஆணையிட்டவுடன் வருவதற்கு அது ஏவலாளா? உள்ளத்தில் அருள் சுரக்கவேண்டாமா?" என்பர் அவர்கள். மற்றொரு சாராரோ, "வாரந்தவறாமல் எழுது, நீயும் எழுத்தாளன்!" என்று முழங்குவர். இவ்விரு சாராரையும் நிறுத்திச் சில கேள்விகள் கேட்கவேண்டிய கடமை நமக்கு உண்டு, தோழர்களே.

முதலில் அருள்வாதிகளைப் பார்ப்போம். காளமேகப் புலவரைப் பற்றி ஒரு கதை கூறுவர். மடைப்பள்ளிப் பணியாளராக இருந்தவர், திருவானைக்காவில் அம்மையின் வாய்த் தாம்பூலத்தைப் பெற்று ஒரே இரவில் பெருங்கவி ஆனாராம்! எவர் எத்தலைப்பைத் தந்தாலும் நொடியில் பாடினாராம்! வெண்பாவின் தளை பிறழாமல் நான்கடி எழுதிப் பார்த்தவர்க்கே தெரியும், அந்த நொடிக்குப் பின்னால் எத்தனை ஆண்டுப் பயிற்சி இருந்திருக்கவேண்டும் என்பது. உழைத்த புலவனின் உழைப்பை மறைத்துவிட்டு, வெற்றிலைச் சாற்றுக்குப் பெருமை சேர்க்கிறது கதை. இதனால் எவருக்கு நட்டம்? அருள் கிட்டியவரே எழுதலாம் என்றால், கிட்டாதவர் எழுதுகோலைத் தொடலாகாது என்பதுதானே பொருள்! எழுத்தின் வாயிலுக்கு இதைவிடப் பெரிய பூட்டு வேறு வேண்டுமா? தலைப்பு தந்து எழுதப் பழக்கும் முறை அந்தப் பூட்டை உடைக்கிறது. அதற்காக அதை வரவேற்கிறேன்.

ஆனால், பூட்டு உடைந்துவிட்டால் மட்டும் போதுமா? உள்ளே நுழைந்தவர் என்ன செய்கிறார் என்று பார்க்கவேண்டாமா?

உலக இலக்கியத்தில் புகழ்பெற்ற ஒரு போட்டியை நினைவுகூர்வோம். ஆண்டு 1816. இடம், ஜெனீவா ஏரிக்கரையில் இருந்த தியோடாட்டி மாளிகை. அதற்கு முந்திய ஆண்டில், இந்தோனேசியத் தீவொன்றில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் விளைவால் ஐரோப்பாவில் அவ்வாண்டு கோடை, கோடையாக இல்லை. ஓயாத மழை. வெளியே செல்ல வழியின்றி அடைபட்டுக் கிடந்தவர்கள் பேய்க்கதைகளைப் படித்துப் பொழுது போக்கினர். "நாம் ஒவ்வொருவரும் ஒரு பேய்க்கதை எழுதுவோம்" என்றார் பைரன். அதுதான் தலைப்பு.

கூடியிருந்தோர் யாவர்? புகழின் உச்சியிலிருந்த பைரன், கவிஞர் ஷெல்லி, பைரனின் மருத்துவர் பொலிடோரி, இவர்களுக்கிடையே, பதினெட்டே வயதான, எழுத்துலகம் அறியாத மேரி என்ற இளம்பெண். பின்னாளில் மேரி ஷெல்லி எனப் பெயர் பெற்றவர் இவரே. காலைதோறும், "கதை கிடைத்ததா?" என்று கேட்பார்களாம். "இல்லை" என்று நாணத்தோடு விடை சொல்ல நேர்ந்ததை, 1831-இல் எழுதிய முன்னுரையில் அவரே குறிப்பிட்டுள்ளார். அருளுக்காகக் காத்திருந்தாரா? இல்லை. உயிரின் மூலம் யாது, உயிரற்ற உடலை மின்னாற்றல் அசைக்குமா என்று பைரனும் ஷெல்லியும் உரையாடியதைக் கூர்ந்து கேட்டிருந்தார். அந்தப் பேச்சு அவர் உறக்கத்தைக் கெடுத்தது. கதை பிறந்தது.

முடிவு என்ன? பைரன் சில பக்கம் எழுதிவிட்டு நிறுத்தினார். ஷெல்லி தொடங்கியதைக் கைவிட்டார். பைரன் விட்ட துண்டிலிருந்து பொலிடோரி ஒரு கதை சமைத்தார். அது 1819-இல் பைரன் பெயரிலேயே முதலில் வெளிவந்தது! பேசியவர்கள் முடிக்கவில்லை, கேட்டிருந்த பெண் முடித்தார். 1818-இல் 'பிராங்கன்ஸ்டைன்' வெளிவந்தபோது அதில் ஆசிரியர் பெயர் இல்லை. எழுதியவர் ஷெல்லியாகத்தான் இருக்கவேண்டும் என்று கருதியோர் பலர். 1823-இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் மேரியின் பெயர் இடம்பெற்றது.

இதில் நாம் கற்கவேண்டியது விடாமுயற்சி மட்டுமன்று. தலைப்பை மேரி என்ன செய்தார் என்று பாருங்கள். கேட்டது பேய்க்கதை. அவர் எழுதிய கதையிலோ பேயே இல்லை! மாண்டவன் ஆவியாக வரவில்லை, மாயமந்திரம் இல்லை. ஆய்வுக்கூடத்தில் மனிதன் ஓர் உயிரைப் படைக்கிறான். படைத்த உடனே அருவருத்து ஓடுகிறான். கைவிடப்பட்ட படைப்பு அன்பின்றி அலைந்து கொடியதாகிறது. பேய்க்கு அஞ்சு என்று சொல்லவந்த தலைப்பை, பொறுப்பற்ற படைப்பாளிக்கு அஞ்சு என்று மாற்றிவிட்டார். தலைப்புக்குக் கிடைத்த விடைகளுள் தலைசிறந்தது, தலைப்புக்கு அடங்காத விடையே.

மற்றொரு சான்று. 1817-ஆம் ஆண்டின் இறுதியில் ஷெல்லியும் அவர் நண்பர் ஹோரஸ் ஸ்மித்தும் ஒரே பொருள் பற்றிப் போட்டியிட்டு எழுதினர். பொருள், எகிப்திய மன்னன் ஓசிமாண்டியாசின் சிதைந்த சிலை. இரண்டு பாடல்களும் 1818-இல் 'எக்சாமினர்' என்ற கிழமை ஏட்டில் அடுத்தடுத்து வெளிவந்தன. ஸ்மித்தின் பாட்டு குறைபட்டதன்று. ஒருநாள் இலண்டனும் இப்படி மண்மேடாகும் என்று துணிந்து உரைக்கிறது. ஆனால் உரைத்துவிடுகிறது, நாம் எண்ணிப் பார்க்க எதையும் விட்டுவைக்கவில்லை. ஷெல்லியோ மன்னனோடு நிற்கவில்லை. அந்த முகத்தைச் செதுக்கிய சிற்பியைக் காண்கிறார். ஆணவத்தின் ஏளனச் சிரிப்பைக் கல்லில் பதித்துவைத்த அந்தத் தொழிலாளியின் கண், மன்னனின் ஆணையைவிட நெடுநாள் வாழ்கிறது. சுற்றிலும் மணல், பாட்டு அங்கே நின்றுவிடுகிறது. ஒரே தலைப்பு, ஒரே இதழ், மூன்றே கிழமை இடைவெளி. ஒன்று உலகெங்கும் படிக்கப்படுகிறது. மற்றொன்று அதன் நிழலில் நினைக்கப்படுகிறது. வேறுபாடு தலைப்பில் இல்லை. பார்த்த கண்ணில் இருக்கிறது.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு இன்றைய போட்டிகளுக்கு வருவோம். நிலவொளிச் சாளரம், முதல் மழை, மௌனத்தின் ஓசை, பழைய கடிதம் என்று வருகின்றன தலைப்புகள். இவற்றை எழுத எதையும் பார்த்திருக்கவேண்டாம். முன்பு எழுதியவர்களைப் படித்திருந்தால் போதும். மழை என்றால் மண்வாசனை, நிலவு என்றால் காதலி, கடிதம் என்றால் கண்ணீர்! போட்டிக்கு வரும் நூறும் ஒரே அச்சில் வார்த்தவை. பாராட்டும் அப்படியே: "அருமை", "மிக அருமை".

எண்ணிக்கையே இலக்கானால் என்னாகும் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவில் 1999-இல் 21 பேருடன் தொடங்கியது 'நானோரைமோ' என்னும் இயக்கம். ஒரே மாதத்தில் 50,000 சொற்களில் நாவல் எழுதவேண்டும் என்பது அறைகூவல். எழுதவே அஞ்சியிருந்த எத்தனையோ பேரை எழுதவைத்தது. அந்த நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் அதன் வெற்றிக்கு அளவு சொல்லின் தொகை. பிறகு சொல்லைக் கொட்டும் பொறி வந்தது. செயற்கை நுண்ணறிவு பற்றி 2024-இல் அந்நிறுவனம் எடுத்த நிலை எழுத்தாளர் பலரைச் சினங்கொள்ளச் செய்தது. 2025-இல் நிறுவனம் மூடப்படுவதாக அறிவிப்பு வந்தது. மூடியதற்குக் காரணங்கள் பல. எனினும் நமக்கு ஒன்று தெளிவு: சொல்லை எண்ணுவதே போட்டியென்றால், பொறியை வெல்ல எவராலும் ஆகாது. நிலவொளிச் சாளரம் என்று சொன்னால் மூச்சுவிடும் நேரத்தில் ஐந்நூறு சொற்களைத் தந்துவிடும் அது!

பிறரைச் சாடிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்வது முறையன்று. நானும் தலைப்பு தருகிறவன். ஒன்பதாம் வகுப்பு ஆசிரியன். பள்ளி திறந்த கிழமையில், "கோடை விடுமுறையில் நான் கண்ட இன்பம்" என்று கரும்பலகையில் எழுதினேன். ஒரு மாணவன் உதகைக்குச் சென்றதையும், மலர்க் கண்காட்சி கண்டதையும் பிழையின்றி எழுதியிருந்தான். பத்துக்கு ஒன்பது தந்து வகுப்பில் உரக்கப் படித்தேன். நண்பர்கள் தலைகுனிந்து சிரிப்பை அடக்கினர். பின்னர் அறிந்தேன்: விடுமுறை முழுவதும் அவன் பெற்றோருடன் செங்கல் சூளையில் இருந்தான்.

பொய் எழுதியது அவன் குற்றமா? உதகைக்கு மதிப்பெண் உண்டு, சூளைக்கு இல்லை என்று அவனுக்குக் கற்பித்தது எது? என் தலைப்பு! 'இன்பம்' என்ற ஒரு சொல்லைப் போட்டு, அவன் வாழ்க்கையை வாயிலுக்கு வெளியே நிறுத்தியவன் நான்.

அடுத்த கிழமை, "விடுமுறையில் என் கைகள் செய்த வேலை" என்று தலைப்பை மாற்றினேன். அரைப் பக்கம் எழுதினான். மண்ணை முதல்நாளே குழைத்து வைக்கவேண்டும். ஒட்டாதிருக்க அச்சில் மணல் தூவவேண்டும். அறுத்த கல் காய்ந்ததும் திருப்பிப் போடவேண்டும். இரவில் இடி கேட்டால் எல்லாரும் எழுந்தோடித் தார்ப்பாய் மூடவேண்டும். மழையில் கரைந்த கல்லுக்குக் கூலி இல்லை. எழுத்துப்பிழை பதினொன்று இருந்தது. ஆனால் மழையைப் பற்றி நான் படித்த எந்தக் கவிதையிலும் அந்த மழை பெய்ததில்லை. அவன் இசைவு பெற்று அதைப் படித்தேன். இம்முறை எவரும் சிரிக்கவில்லை.

எனவே, போட்டி வேண்டாம் என்று நான் கூறவில்லை. தலைப்பு தருவோர் ஒன்று எண்ணவேண்டும்: இத்தலைப்பு எவரை உள்ளே அழைக்கிறது, எவரை வெளியே நிறுத்துகிறது? நடுவர் ஒன்று கேட்கவேண்டும்: இதில் எழுதியவர் கண்ணால் கண்டது எது? அதைச் சுட்டிக்காட்டாத பாராட்டு, பாராட்டே அன்று. எழுதுவோர் ஒன்று துணியவேண்டும்: பேய் என்று கேட்டால், பேய் உண்டா என்று திருப்பிக் கேட்கவேண்டும்.

நாளை உங்கள் படிப்பகத்திலோ வகுப்பிலோ தலைப்பு அறிவிக்கும் பொறுப்பு உங்கள் கைக்கு வரலாம். நிலவைக் கொஞ்சகாலம் ஓய்வெடுக்க விடுங்கள். அண்டை வீட்டு அடுப்பைப் பற்றிக் கேளுங்கள். ஆறு மணிப் பேருந்தில் வேலைக்குச் செல்லும் தங்கையைப் பற்றிக் கேளுங்கள். பிழையோடு வந்தாலும் வரவேற்றுப் படியுங்கள். பிழையைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். தலைப்பை எவரும் தரட்டும். எண்ணவேண்டிய தலை நம்முடையது!