பெருந்திரையில் ஒரு பள்ளத்தாக்கு

கலைநயம் கற்றோர் கூறுவதே விமர்சனம், கூட்டத்தோடு அமர்ந்து பார்த்தவன் கூறுவது வெறும் பேச்சு என்று கருதுவோர் நம்மிடையே இன்றும் உளர். இக்கருத்து நமக்கு உடன்பாடன்று. ஒரு படைப்பு மக்களின் மனத்தில் என்ன செய்தது என்பதை அறிய அவர்களுடைய அபிப்பிராயத்தினும் நேரிய சான்று வேறில்லை. அவர்கள் எதைச் சொன்னார்கள் என்பதோடு எதைச் சொல்லாது விட்டார்கள் என்பதையும் நாம் கவனித்தல் வேண்டும்.

அமெரிக்காவின் அரிஸோனா மாநிலத்திலே, கிராண்ட் கன்யன் தேசியப் பூங்காவின் தெற்கு வாயிலுக்கு வெளியே துசாயன் என்னும் சிற்றூர் உண்டு. 1984இல் கீத் மெரில் இயக்கிய 'கிராண்ட் கன்யன்: மறைந்த இரகசியங்கள்' என்ற ஐமாக்ஸ் படம் அவ்வூர் அரங்கில் நெடுங்காலம் காட்டப்பட்டது. ஓடும் நேரம் 34 நிமிடமே. 70 மில்லிமீற்றர் படச்சுருளைக் கிடையாக ஓடவிட்டு, ஒவ்வொரு சட்டத்துக்கும் 15 துளை அகலம் கொடுக்கும் இந்த முறை 1970இல் ஒசாகா பொருட்காட்சியில் முதன்முதலாக மக்கள்முன் வந்தது. பார்வையாளனின் கண்ணுக்குத் திரையின் விளிம்பு தெரியாதபடி செய்வதே இதன் நோக்கம்.

இப்படத்தைப் பார்த்தோரிற் பெரும்பாலார் தலை சுற்றியதைச் சொல்லி மகிழ்கின்றனர். சரித்திரக் காட்சிகளின் நடிப்புச் செயற்கையானது என்பர் சிலர். அது உண்மையே, நீட்டிப் பேசவேண்டியதில்லை. இன்னுஞ் சிலரோ, உண்மைப் பள்ளத்தாக்கு அருகிலேயே கிடக்க அதன் நிழலுக்குப் பணங் கொடுப்பானேன் என்கின்றனர். இவ்வாதம் நியாயம்போற் தோன்றினும் நாம் இதை ஏற்கவில்லை. ஒரு மைலுக்கும் அதிகமான ஆழத்தில் ஓடும் ஆற்றை, மேல்விளிம்பில் நின்று திரும்பும் பெருந்தொகையான உல்லாசப் பயணிகள் கிட்ட நின்று காண்பதேயில்லை. முதியோரும் நடக்கவியலாதோரும் இறங்கவும் மாட்டார். அவர்களுக்கு ஆற்றைக் கொண்டுவந்து காட்டியமை இப்படத்தின் தொண்டு.

குறை வேறிடத்தில் இருக்கிறது. 1540இல் கார்தெனாஸ் என்ற ஸ்பானியனை ஹோப்பி மக்களின் வழிகாட்டிகள் இப்பள்ளத்தின் விளிம்புக்கு அழைத்துவந்தனர். அவனுடைய ஆட்கள் மூவர் இறங்க முயன்று, மூன்றிலொரு பங்குகூடத் தாண்டினரோ என்னுமளவில் திரும்பினர். மேலிருந்து பார்க்கையில் ஆளுயரமாய்த் தெரிந்த பாறைகள் செவில் நகரத்துப் பெருங்கோபுரத்தினும் உயர்ந்தவை என்று அவர்கள் வந்து கூறியதாக அப்பயணத்தின் வரலாறு குறிக்கிறது. இறங்கியவனுக்கே அளவு தெரிந்தது. ஐமாக்ஸ் கமராவோ பெரும்பாலும் பருந்தின் கண்கொண்டு பறக்கிறது. பிரமாண்டம் இருக்கிறது, அளவுகோல் இல்லை. ஆற்றின் வேகச் சுழிப்பிலே படகு தத்தளிக்கும் இடங்கள் மட்டும் நெஞ்சைப் பிடிப்பதற்குக் காரணம், அங்கே மனிதன் இருக்கிறான் என்பதுதான்.

ஆயின் எந்த மனிதன்? பண்டைக்குடிகள் முதலில் வருகின்றனர், பின் ஸ்பானியர், பின் 1869இல் ஆற்றுவழி வந்த ஜோன் வெஸ்லி பவல், ஈற்றில் படகோட்டி மகிழும் இக்காலத்தவர். ஆதிக்குடிகள் முன்னுரையோடு முடிந்துவிடுகின்றனர். அவர்களோ முடிந்துபோனவரல்லர். ஹவசுப்பாய் மக்கள் கோடையிற் பள்ளத்தாக்கிலே பயிரிட்டும் மாரியில் மேட்டுநிலத்திலே வேட்டையாடியும் வாழ்ந்தவர். 1882இல் அவர்கள் 518 ஏக்கருக்குள் ஒடுக்கப்பட்டனர். 1919இல் தேசியப் பூங்கா அமைந்தது. 1928இல் 'இந்தியன் கார்டன்' என்ற இடத்தில் எஞ்சியிருந்த குடியானவரும் வெளியேற்றப்பட்டார். நீண்ட போராட்டத்தின் பின் 1975இல் ஏறத்தாழ 185,000 ஏக்கர் அவர்களுக்கு மீண்டது. அதற்கு ஒன்பதே ஆண்டுகள் கழித்து வந்த படம் இது! அந்த இடத்துக்கு 'ஹவசுப்பாய் கார்டன்ஸ்' என்ற பெயர் 2022இல்தான் கிடைத்தது. படம் பார்த்தோர் இதைப்பற்றி ஏன் கேட்கவில்லை என்று அவர்களைக் கடிவதிற் பயனில்லை. கேள்வி எழுவதற்கான இடத்தைப் படம் விடவில்லை.

பார்வையாளர் வியக்கும் ஆற்றின் சங்கதியும் இத்தகையதே. 1963இல் மேற்புறத்திலே கிளென் கன்யன் அணையின் மதகுகள் மூடப்பட்டன. அன்றுமுதல் வண்டல் தேங்கிவிட, செந்நிறத்தாற் பெயர்பெற்ற கொலராடோ தெளிந்து குளிர்ந்து வருகிறது. படகைத் தூக்கியெறியும் அலையின் அளவில் நகரங்களின் மின்சாரத் தேவைக்கும் பங்குண்டு. அதனைக் கன்னிமை கெடாத இயற்கையென்று இரசிப்பது அறியாமையே.

2008இல் கிரெக் மக்கில்லிவ்ரே இயக்கிய 'கிராண்ட் கன்யன் சாகசம்: ஆபத்தில் ஆறு' தண்ணீர்ப் பிரச்சினையை நேரே எடுத்துக்கொண்டது. காட்சியைப் பார்க்க வந்தவருக்குப் போதனை எதற்கு என்று முணுமுணுத்தோர் உண்டு. போதனை செய்தது பிழையன்று. பிழையான காதிலே ஓதியதே பிழை. வீட்டுக்குழாயைச் சிக்கனமாகத் திறக்கும்படி இரசிகனுக்குச் சொல்லப்படுகிறது. ஆற்றுநீரிற் பெரும்பகுதியோ மாட்டுத்தீவனம் உள்ளிட்ட பெரும் வேளாண்மைக்குப் போகிறது. ஏழு மாநிலங்கள் நீரைப் பங்கிட்ட 1922ஆம் ஆண்டு உடன்படிக்கையில் ஆதிக்குடிகளுக்கு ஆசனமே இருக்கவில்லை.

எனினும் இப்படத்தில் ஹவசுப்பாய்ப் பெண்ணொருத்தி ஆற்றுவழிகாட்டியாகத் தொழில் செய்கிறாள். முன்னுரையிலிருந்து நிகழ்காலத்துக்கு வந்துசேர அம்மக்களுக்குத் திரையிலே 24 ஆண்டுகள் சென்றிருக்கின்றன. அவர்களுடைய சூப்பாய் கிராமத்துக்குத் தெருவில்லை; எட்டு மைல் ஒற்றையடிப் பாதையில் தபாலைக் கோவேறு கழுதைகள் சுமந்து செல்கின்றன. அடுத்த படம் எடுப்போர் அந்தப் பாதையில் நடந்து இறங்குவராயின், அதைப்பற்றிப் பார்வையாளர் என்ன கூறுகின்றனர் என்பதையும் நாம் ஆவலோடு கேட்போம்.