சம்பூர் என்னும் உரைகல்

பிளவுண்ட சமூகங்களின் இளம் பத்திரிகையாளரைப் பயிற்றுவித்தால் சமாதானம் வளரும் என்பது பலரது நம்பிக்கை. 2004இல் கொழும்பில் தொடங்கப்பெற்ற இலங்கை இதழியல் கல்லூரி சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் பயிற்சி அளித்தது. நோக்கம் போற்றற்குரியதே. ஆயின், அதன் பயனை அளப்பது எங்ஙனம்?

சம்பூர் அதற்கேற்ற உரைகல். 2006 ஏப்ரலில் குண்டுவீச்சுக்கு அஞ்சி மக்கள் வெளியேறினர். செப்டெம்பரில் இராணுவம் ஊரைக் கைப்பற்றியது. அரசுக்கு அது வெற்றி. ஊரவர்க்கோ 2015இல் மீள்குடியேற்றம் தொடங்கும்வரை அகதி வாழ்வு. இரண்டையும் ஒருசேர அறியாத வாசகன் பாதி உண்மையையே அறிவான்.

சமாதான இதழியல் கசப்பான உண்மையை மறைப்பதன்று. அதே ஆண்டு ஜனவரி 2ஆம் நாள், கொட்டியாரக் குடாவின் மறுகரையிலுள்ள திருகோணமலையில் ஐந்து மாணவர் கொல்லப்பட்டனர். குண்டுவெடிப்பில் இறந்தனர் என்ற கூற்றைச் ‘சுடர் ஒளி’ செய்தியாளர் சுகிர்தராஜனின் நிழற்படங்கள் பொய்யாக்கின. அவை துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டின. 24ஆம் நாள் அவரும் சுட்டுக்கொல்லப்பட்டார்.

அவ்வுண்மையைச் சிங்கள இளைஞன் சிங்களத்தில் எழுதவேண்டும். அவ்வாண்டு ஓகஸ்டில், புலிகளின் தாக்குதலையடுத்து மூண்ட போரில் அயலூரான மூதூரின் முஸ்லிம்கள் இடம்பெயர்ந்த துயரைத் தமிழ் இளைஞன் தன் ஏட்டில் எழுதவேண்டும். அத்துணிவைத் தராத பயிற்சி, சான்றிதழ் தரலாம், சமாதானம் தராது.