பெண்ணின் அசதிக்கு யார் பெயர் வைப்பது?

தைராய்டு மாத்திரை சாப்பிடும் பெண்கள் மருத்துவரிடம் அதிகம் கேட்கும் சொல் ‘நார்மல்’. டிஎஸ்எச் அளவு வரம்புக்குள் வந்துவிட்டது, கவலை வேண்டாம் என்று அதற்குப் பொருள். ஆனால் காலையில் எழும்போதே உடம்பு அடித்துப்போட்டதுபோல் இருக்கிறது. படியேறினால் மூச்சு வாங்குகிறது. அடுக்களைக்குள் எதற்கு வந்தோம் என்பது மறந்துபோகிறது. இதையெல்லாம் சொன்னால், “எடையைக் குறையுங்கள், மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்” என்கிறார்கள். அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுகிறார்கள்.

இப்படித் திரும்பிவரும் பெண்ணைத் தேடிவரும் சொல்தான் ‘அட்ரீனல் சோர்வு’. தைராய்டு மட்டுமல்ல, சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளும் களைத்துவிட்டன, அவற்றைத் தேற்றாமல் தைராய்டு தேறாது என்கிறது இந்த வாதம். கேட்பவருக்கு, முதல்முறையாக ஒருவர் தன்னை நம்பியதுபோல் இருக்கிறது. இந்தச் சொல்லின் வலிமை அந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது.

இந்தச் சொல்லை 1998இல் உருவாக்கியவர் அமெரிக்க இயற்கை மருத்துவர் ஜேம்ஸ் வில்சன். 2001இல் வெளிவந்த அவருடைய நூல் இதை 21ஆம் நூற்றாண்டின் மன அழுத்த நோயாக அறிமுகப்படுத்தியது. ஓயாத நெருக்கடியால் சுரப்பி களைத்து, கார்டிசால் ஹார்மோனைத் தேவைக்குக் குறைவாகச் சுரக்கிறது, அந்தக் குறைவு வழக்கமான ரத்தப் பரிசோதனையில் தெரியாது என்பது அதன் மையக் கருத்து. பரிசோதனையில் தெரியாது என்பதே முன்கூட்டிய நிபந்தனையாக இருப்பதால், எந்த முடிவு வந்தாலும் வாதம் தோற்காது. காலையில் எழச் சிரமமா, உப்பு தின்னத் தோன்றுகிறதா, எதிலும் ஆர்வம் குறைந்துவிட்டதா என்று கேட்டால் ‘ஆம்’ சொல்லாத குடும்பப் பெண் யார்? 2016இல் பிரேசில் ஆய்வாளர்கள் இருவர் 58 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, இப்படியொரு நோய்க்கு ஆதாரமில்லை என்று எழுதினார்கள். அமெரிக்காவின் எண்டோகிரைன் சொசைட்டியும் அதையே சொல்கிறது.

மருத்துவ உலகம் இத்தோடு கோப்பை மூடிவிடுகிறது. நம்மால் அப்படி மூட முடியாது. நோயின் பெயர் பொய்யாக இருக்கலாம், அசதி பொய்யில்லை.

பெண்ணின் களைப்புக்கு அடுத்தவர் பெயர் வைப்பது புதிதும் அல்ல. 1869இல் ஜார்ஜ் பியர்ட் என்ற அமெரிக்க மருத்துவர் ‘நரம்புத் தளர்ச்சி’ என்ற நோயைப் பிரபலமாக்கினார். அதற்குப் பெண்களைப் படுக்கையில் கிடத்தும் ஓய்வு சிகிச்சையை வகுத்தவர் சைலஸ் வெயர் மிட்செல். எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் 1887இல் அவரிடம் போனார். முடிந்தவரை வீட்டோடு இருக்க வேண்டும், பேனாவைத் தொடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அவர் அதை மீறி எழுதி 1892இல் வெளியிட்ட கதைதான் ‘மஞ்சள் சுவர்த்தாள்’. அன்று மருத்துவர் பெண்ணை அறைக்குள் பூட்டினார். இன்றைய ‘அட்ரீனல் சோர்வு’ அவளையே அவளுக்குக் காவலாளியாக்குகிறது. நேரத்துக்குத் தூங்கு, காபியை விடு, பதற்றப்படாதே, இந்த மாத்திரையை வாங்கு. குணமாகவில்லையென்றால் அவள்தான் சரியாகக் கடைப்பிடிக்கவில்லை.

இதில் பணம் மட்டும் போவதில்லை. அமெரிக்கச் சந்தையில் அட்ரீனலுக்கென்று விற்ற 12 துணை மாத்திரைகளைச் சோதித்த ஆய்வொன்று 2018இல் வெளியானது. பன்னிரண்டிலும் தைராய்டு ஹார்மோன் இருந்தது. பெரும்பாலானவற்றில் குறைந்தது ஒரு ஸ்டீராய்டு ஹார்மோனும் இருந்தது. ஏற்கெனவே தைராக்சின் எடுக்கும் பெண் இவற்றை விழுங்கினால் படபடப்பு வரலாம், பரிசோதனை அளவும் குழம்பிப்போகும். மூலிகைதானே என்று நாம் வாங்கும் அஸ்வகந்தாவும் தைராய்டு ஹார்மோனின் அளவைக் கூட்டக்கூடியது.

பெரிய ஆபத்து வேறொன்று. அட்ரீனல் சுரப்பி உண்மையாகவே செயலிழக்கும் நோய் இருக்கிறது. 1855இல் தாமஸ் அடிசன் விவரித்த அந்த நோய் அவர் பெயராலேயே அறியப்படுகிறது. எடை குறையும், ரத்த அழுத்தம் தாழும், வாந்தி வரும், உள்ளங்கை ரேகைகளும் ஈறும் கறுக்கும். உடலின் எதிர்ப்புச் சக்தி தன் தைராய்டையே தாக்கும் சில பெண்களுக்கு, அதே தாக்குதல் அட்ரீனல் மீதும் விழுவதுண்டு. அப்போது கார்டிசால் குறைவைச் சரிசெய்யாமல் தைராக்சினைத் தொடங்கினால் உயிருக்கே ஆபத்து. மூட்டுவலிக்கோ ஆஸ்துமாவுக்கோ நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினாலும் சுரப்பி வேலை செய்யாமல் போகும். இவற்றை உறுதிசெய்யக் காலை எட்டு மணி வாக்கில் எடுக்கும் கார்டிசால் பரிசோதனையும், தேவைப்பட்டால் ஊசி போட்டுப் பார்க்கும் ஏசிடிஎச் பரிசோதனையும் உண்டு. ‘எந்தப் பரிசோதனையிலும் தெரியாது’ என்ற வாதம், தெரியக்கூடிய இந்த நோயையும் மறைத்துவிடுகிறது.

சென்னை உட்பட எட்டு இந்திய நகரங்களில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், பெண்களில் சுமார் 16 சதவீதத்தினருக்கும் ஆண்களில் 5 சதவீதத்தினருக்கும் தைராய்டு குறைபாடு இருந்தது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டும் ஒரே உடம்பில் இருந்தால், டிஎஸ்எச் வரம்புக்குள் இருந்தாலும் அசதி போகாது. அதனால் ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிடின், பி12, சர்க்கரை ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். தூக்கத்தில் மூச்சுத் தடை, மனச்சோர்வு, மாதவிடாய் நிற்கும் காலத்து மாற்றங்கள் ஆகியவற்றைப் பற்றியும் பேச வேண்டும்.

மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு, காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம்வரை காத்திருக்க வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். எளிய விதிதான். ஆனால் ஐந்து மணிக்கு எழுந்து பால் காய்ச்சி, டிஃபன் கட்டி, குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் பெண், வாயில் போட்டது மாத்திரையா காபியா என்று யோசிக்கவும் நேரமில்லாமல் ஓடுகிறாள். மருந்துச் சீட்டில் இந்தக் காலை நேரம் எழுதப்படுவதில்லை.

2024ஆம் ஆண்டு இந்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். ‘ஓய்வெடு’ என்று அறிவுரை சொல்பவர்கள், அவள் படுத்தால் பாத்திரம் துலக்குவது யார் என்று கேட்பதில்லை. உழைப்பின் பங்கீட்டைச் சுரப்பியின் பலவீனமாக மாற்றிக் காட்டுவதுதான் இந்தச் சொல்லின் அரசியல். சுரப்பி களைத்துவிட்டது என்று ஏற்றுக்கொண்டால் வீட்டில் யாரும் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

எப்போது அசருகிறது, எதைச் செய்த பிறகு, எத்தனை மணி நேரம் தூங்கிய நாளில் என்று இரண்டு வாரம் குறித்துவைத்துக்கொண்டு மருத்துவரிடம் போகலாம். சாப்பிடும் மாத்திரை, மூலிகை எல்லாவற்றையும் பையோடு எடுத்துப் போகலாம். ‘நார்மல்’ என்றால், எது நார்மல், எதைப் பார்க்கவில்லை என்று கேட்கலாம். அதே குறிப்பை வீட்டில் இருப்பவர்களும் படிக்கும்படி சாப்பாட்டு மேசையில் வைக்கலாம். காலை மாத்திரைக்குப் பிறகான அந்த ஒரு மணி நேரம் அடுப்படியில் வேறொருவர் நிற்கட்டும்.