வேர்வையும் பிரஷரும் ஒண்ணு இல்லை

தமிழ்நாட்டில் அக்குபங்சர்னு சொன்னா பலருக்கும் ஊசி ஞாபகத்துக்கு வராது. நாடி பார்த்து, ஒரு புள்ளியை விரலால் தொட்டு அனுப்பும் தொடுசிகிச்சைதான் வரும். மாதவிலக்கு நிற்கும் காலத்துத் தொல்லை, பிரஷர் இரண்டுக்கும் இதையே தீர்வாகச் சொல்கிறார்கள். எனக்குச் சிக்கல் அந்த 'இரண்டுக்கும்' என்பதில்தான்.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். திடீர்னு முகமும் மார்பும் காந்தும், குப்புனு வேர்த்துக் கொட்டும், ராத்திரித் தூக்கம் போகும். தூத்துக்குடி உப்பளத்தில் வெயிலில் நின்று உப்பு வாரும் பெண்ணிடம் "உடம்பு சூடேறுதா?"ன்னு கேட்டால் அவள் எந்தச் சூட்டைச் சொல்வாள்? "இந்த வயசுல அப்படித்தான்மா" என்ற பதிலோடு திரும்பியவள், உட்காரவைத்து விசாரிக்கும் ஒருவரைத் தேடிப் போனால் அதில் ஆச்சரியம் இல்லை.

பலன் உண்டா? 2016இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில் 327 பெண்கள். பாதிப்பேருக்கு நிஜ ஊசி; மீதிப்பேருக்குத் தோலைத் துளைக்காத மொண்ணை ஊசி, அதுவும் அக்குபங்சர் புள்ளி இல்லாத இடங்களில். இரு தரப்பிலும் தொல்லை ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. வித்தியாசமே இல்லை! வேடிக்கை என்னன்னா, ஆய்வாளர்கள் 'பொய்ச் சிகிச்சை'யாக வைத்த அந்தத் துளைக்காத தொடுதலுக்குப் பக்கத்தில் வருவதுதான் நம்ம ஊர்ச் சிகிச்சை. ஆனாலும் இதை நான் கேலி செய்ய மாட்டேன். வேர்வை குறைஞ்சிருக்குன்னு அவள் சொன்னால் குறைந்திருக்கிறது. அந்தத் தொல்லைக்கு அவளே அளவுகோல்.

பிரஷர் அப்படியா? பெரும்பாலும் ஒரு அறிகுறியும் காட்டாது. மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு ஏறவும் செய்யும். கருவாடும் ஊறுகாயும் இல்லாமல் சோறு இறங்காத கரையோரத்தில் கேட்கவே வேண்டாம். 2006இல் அமெரிக்காவில் 192 பேரிடம் நடந்த சோதனையில் மேல் அளவு நிஜ ஊசியில் 3.56, பொய்ச் சிகிச்சையில் 3.84 புள்ளி இறங்கியது. ஜெர்மனியில் மறு ஆண்டு வெளிவந்த ஆய்வில் மேல் அளவு 5 புள்ளிக்குக் கொஞ்சம் மேலே இறங்கியது உண்மை. ஆனால் ஊசியை நிறுத்தி மூன்றே மாதத்தில் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. அதற்கே ஆறு வாரத்தில் 22 தடவை போக வேண்டியிருந்தது. கூலி போட்டுவிட்டு யார் போவது?

வேர்வை குறைந்து நல்லாத் தூங்கின பெண், "பிரஷரும் சரியாயிட்டு"ன்னு தானே முடிவுகட்டுவாள். "மாத்திரை விஷம், நிறுத்துங்க" என்று சொல்கிற ஹீலரிடம் அவள் மாட்டுவதும் இங்கேதான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டு வாசலுக்கே வந்து சேரும் மாத்திரை அலமாரியில் அப்படியே கிடக்கும். நிறுத்தின அன்றைக்கு ஒன்றும் ஆகாது, அதனால் ஹீலர் சொன்னதுதான் சரின்னு தோன்றும். பக்கவாதம் வந்து வாய் கோணும்போது ஹீலரை யாரும் நினைக்கப்போவதில்லை, "வயசாயிட்டுல்லா" என்பார்கள்.

சூட்டுக்கும் தூக்கத்துக்கும் தொடுகிறவரிடம் போகிற அக்காமார் தாராளமாகப் போகட்டும். மாத்திரையைப் பற்றி அவர் வாயைத் திறந்தால் மட்டும், பிரஷர் பார்க்கும் மெஷின் இருக்கான்னு கேளுங்க. நாடியிலேயே தெரியும் என்பார். அது 130ஆ 160ஆன்னு விரலை வைத்துச் சொல்ல முடியாது.