போர்டிகேரா (மொனேயின் ஓவியம்)

‘போர்டிகேரா’ என்பது பிரெஞ்சு ஓவியர் குளோட் மொனே 1884ஆம் ஆண்டில் தீட்டிய எண்ணெய் வண்ண நிலக்காட்சி ஓவியம் ஆகும். இத்தாலியின் லிகூரியக் கடற்கரையில், பிரான்சு எல்லைக்கு அருகிலுள்ள சிறு நகரம் ஒன்றின் பெயரே ஓவியத்துக்கும் வைக்கப்பட்டுள்ளது. ஏறத்தாழ 65 செ.மீ. உயரமும் 81 செ.மீ. அகலமும் கொண்ட இவ்வோவியம் அமெரிக்காவின் சிகாகோ கலை நிறுவனத்தில் உள்ளது.

பெயர் நகரத்துடையது. ஆனால் ஓவியத்தின் முன் நிற்பவர் முதலில் காண்பது மரங்களைத்தான். முறுக்கிக்கொண்டு வளர்ந்த பைன் மரங்களின் தண்டுகள் படத்தின் குறுக்கே வளைந்தும் சாய்ந்தும் மேலேறுகின்றன. அவற்றின் இலைத்திரளுக்கு இடையே, சற்றுத் தாழ்வில், ஊரின் வீடுகள் வெண்மையும் செம்மஞ்சளுமாகத் தெரிகின்றன. அதற்கும் அப்பால் அடர்ந்த நீலப் பட்டையாகக் கடல். மனிதர் எவரும் இல்லை.

மொனே 1883 டிசம்பரில் நண்பர் ரெனுவாருடன் மத்தியதரைக் கடற்கரையைச் சுற்றிப் பார்த்தார். அடுத்த மாதமே அங்கே திரும்ப முடிவு செய்தார், இம்முறை தனியாக. பயணத்தை எவரிடமும் சொல்ல வேண்டாம் என்று தம் ஓவியங்களை விற்றுவந்த துராங்-ருயெலைக் கேட்டுக்கொண்டார். ரெனுவாரோடு சுற்றுவது இனிமைதான், ஆனால் வேலை தனிமையில்தான் நன்றாக நடக்கும் என்பது அவர் சொன்ன காரணம். மூன்று வாரம் தங்க எண்ணிப் போனவர் ஏறக்குறைய மூன்று மாதம் தங்கிவிட்டார்.

நாட்கள் நீண்டதற்குக் காரணம் உண்டு. மொனே வடபிரான்சின் ஓவியர். நார்மாண்டியின் மேகமூட்டமும் ஈரக்காற்றும் அகன்ற வெளியும் அவருடைய கைக்குப் பழகியவை. போர்டிகேராவில் வெயில் வேறு, தாவரங்களும் வேறு. இந்த ஒளியைத் தீட்ட வண்ணத்தட்டில் வைரமும் மணிகளும் வேண்டும் என்ற பொருளில் அவர் கடிதம் எழுதினார். இவ்வூரைப் பற்றிப் பேசுவோர் எல்லோரும் எடுத்துக்காட்டும் செய்தி இது. ஆனால் இவ்வோவியத்தைப் புரிந்துகொள்ள இன்னொரு முறையீடே அதிகம் உதவுகிறது. தனித்து நிற்கும் மரமும் பரந்த வெளியும்தான் தமக்கு வரும், இங்கோ எல்லாம் நெருங்கிப் பின்னிக் கிடக்கின்றன என்று அவர் அங்கிருந்து குறைப்பட்டுக்கொண்டார். தமக்கு வராது என்று சொன்ன அந்தப் பின்னலையே இங்கே கருப்பொருளாக எடுத்திருக்கிறார்.

வெயிலை அவர் காட்டிய முறை கவனிக்கத்தக்கது. வெள்ளை வண்ணத்துக்குக் கடற்கரை வெயிலின் பிரகாசம் கிடையாது. எவ்வளவு அப்பினாலும் அது வெறும் வெள்ளைதான். எனவே ஒன்றையொன்று தூக்கிக் காட்டும் நிறங்களை மொனே அருகருகே வைத்தார். வீடுகளின் செம்மஞ்சளுக்குப் பின்னால் கடலின் நீலம் நிற்கிறது. நிழலில் கறுப்பு இல்லை. நீலமும் ஊதாவும் கரும்பச்சையும் உள்ளன. மாணவர்கள் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். அச்சுப்படியில் கடல் பகுதியை ஒரு துண்டுத் தாளால் மறைத்தால் வீடுகளின் ஒளி உடனே குறைந்துவிடும்.

இத்தகைய ஓவியங்கள் அஞ்சலட்டைக் காட்சிகள்தாமே என்ற குற்றச்சாட்டு உண்டு. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஜொவான்னி ருஃபீனி 1855இல் வெளியிட்ட ‘டாக்டர் அந்தோனியோ’ நாவலுக்குப் பின் இவ்வூர் ஆங்கிலேயர் குளிர்காலத்தைக் கழிக்கும் இடமாகப் பெயர் பெற்றிருந்தது. நீலத்தையும் இளஞ்சிவப்பையும் வெறுப்பவர்கள் கூச்சலிடுவார்கள் என்று மொனேயும் எதிர்பார்த்தே இருந்தார். அதே பயணத்தின் விளைவான ‘போர்டிகேராவின் மாளிகைகள்’ என்ற ஓவியத்தில் இக்குற்றச்சாட்டுக்கு ஓரளவு நியாயம் இருக்கிறது. அதன் பெரிய வடிவம், இப்போது பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளது, ஓவியர் பெர்த் மொரிசோவின் வீட்டு வரவேற்பறைக்காகத் தீட்டப்பட்டது. அழகான சுவர் அலங்காரம்; அதற்கு மேல் அது எதையும் கேட்பதில்லை.

சிகாகோ ஓவியம் அப்படியன்று. அஞ்சலட்டை ஊரை நடுவில் வைத்துத் தடையில்லாமல் காட்டும். இங்கே ஊரைப் பார்க்க வேண்டுமானால் கண் கிளைகளுக்கு இடையே வழி தேட வேண்டியிருக்கிறது. ஓரிடத்தில் சுவர், இன்னோரிடத்தில் கூரை என்று துண்டு துண்டாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மலைச்சரிவில் நிற்பவருக்கு ஊர் அப்படித்தான் தெரியும்.

குறையும் இல்லாமல் இல்லை. முன்புறப் புதர்களில் தூரிகைத் தீற்றல்கள் ஒரே அளவில், ஒரே வேகத்தில் குவிந்துவிட்டன. எது அருகில், எது பத்தடி தள்ளி என்று சொல்வது கடினம். தண்டுகளைக் கவனித்துக் கவனித்து வளைத்த கை இங்கே அவசரப்பட்டிருக்கிறது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1888இல், மொனே மீண்டும் அதே கடலுக்குப் போனார். இம்முறை பிரான்சின் ஆண்டீப். அங்கே தீட்டியவற்றில் பத்து ஓவியங்களை வின்சென்ட் வான் கோவின் தம்பி தியோ வாங்கிப் பாரிசில் காட்சிக்கு வைத்தார். அவற்றுள் இன்று லண்டனின் கோர்ட்டால்ட் தொகுப்பிலுள்ள ‘ஆண்டீப்’ போன்றவற்றில் கடலோரம் ஒற்றைப் பைன் மரம், எதிரே விரிந்த நீர், தொலைவில் மலை. அவருக்கு நன்றாக வரும் காட்சி அது. கைத்தேர்ச்சியில் அவை போர்டிகேராவை மிஞ்சுகின்றன. பார்ப்பவரை ஓவியத்தின் முன் நெடுநேரம் நிறுத்தி வைப்பதில் பின்தங்குகின்றன.