வலசைப் பருந்துகளை எண்ணி ரசிப்பது எப்படி?

கும்பாபிஷேகத்தன்று கலசத்தில் தீர்த்தம் ஊற்றும் நேரம் நெருங்கினால் கூட்டம் முழுக்க வானத்தைப் பார்க்கும். கருடன் வந்து வட்டமிட்டால்தான் மனம் நிறையும். பருந்துக்காக அண்ணாந்து நிற்பது தமிழ்நாட்டுக்குப் பழகிய பழக்கம்தான். காரிமங்கலம் அருணேசுவரர் மலைக்கோயிலில் ஏறி நிற்பவர்கள் வானத்தைப் பார்க்க, அக்டோபர் தொடங்கி இன்னொரு காரணமும் உண்டு. கருடன் உள்ளூர்ப் பறவை. அந்த மாதங்களில் நடு ஆசியப் புல்வெளிகளிலிருந்து பூனைப்பருந்துகள் தென்னிந்திய மானாவாரி நிலங்களுக்குக் குளிர்காலத்தைக் கழிக்க வருகின்றன.

இவற்றை எண்ண மலை எதற்கு? வெயில் ஏறியதும் தரை சூடாகி, வெப்பக் காற்று மேலெழும். அகன்ற இறக்கை கொண்ட பறவை அதற்குள் புகுந்து, இறக்கையை அடிக்காமலே வட்டமிட்டு உயரும். உயரம் போதுமானதும் போகவேண்டிய திசையில் சறுக்கி இறங்கி, அடுத்த வெப்பக் காற்றைப் பிடிக்கும். மலைச்சரிவில் மோதி மேலேறும் காற்றும் இதே உதவியைச் செய்வதால், நீண்ட மலைத்தொடர்கள் பறவைகளை ஒரே தடத்தில் சேர்த்து அனுப்புகின்றன. கடல்மேல் இந்த வசதி குறைவு. கருங்கடலைச் சுற்றிச் செல்லும் பறவைகள் கடலுக்கும் மலைக்கும் இடையே ஜார்ஜியாவின் பதுமி நகரருகே நெருக்கியடித்துக் கடக்கின்றன. அங்கே ஓர் இலையுதிர் காலத்தில் 10 லட்சத்துக்கு மேல் எண்ணுகிறார்கள். இந்தியாவில் இமயமலை ஓரத்துத் தரம்சாலாவில் 2001-ல் நடந்த கணக்கெடுப்பில் பெரும்பாலானவை புல்வெளிக் கழுகுகள். வலசை என்றால் வடக்கிலிருந்து தெற்கே என்று நினைப்பவர்களுக்கு ஆச்சரியம்: அவை மலையை ஒட்டிக் கிழக்கிலிருந்து மேற்காகச் சென்றன.

முதல் பயிற்சி கண்ணுக்கு. வெறும் நீல வானத்தில் பார்வை எங்கும் நிலைகொள்ளாது. வெண்மேகத்தின் மேல் ஒரு புள்ளி உடனே தெரியும். காலை 9 மணிக்கு மேல், மேக ஓரங்களையும் மலை முகடுகளையும் 8 மடங்கு பைனாகுலரால் மெல்லத் துழாவி வருவது நல்லது. நிறத்தை நம்ப முடியாது. உயரத்தில் எல்லாமே கறுப்பாகத்தான் தெரியும். உருவமும் பறக்கும் விதமும்தான் அடையாளம். வால் நுனி பிளந்திருந்தால் கரும்பருந்து. இறக்கை கூராக, அடிப்பு வேகமாக இருந்தால் வல்லூறு. சிறிய தலை, நீண்ட கழுத்து, நீண்ட வால் என்றால் தேன்பருந்து. இறக்கைகளை மேல்நோக்கிச் சாய்த்தபடி, வயலைத் தொட்டுவிடும் தாழ்வில் மிதந்தால் பூனைப்பருந்து.

எண்ணுவதற்கு ஒரு முறை இருக்கிறது. சுழலும் கூட்டத்தை எண்ணப் புகுந்தால் குழப்பம்தான் மிஞ்சும். அவை வட்டத்தை விட்டுச் சறுக்கும்போது, பேருந்திலிருந்து பயணிகள் இறங்குவதுபோல் ஒவ்வொன்றாக வரும், அப்போது எண்ணவேண்டும். ஒரு மரத்தையோ பாறையையோ எல்லையாக வைத்துக்கொண்டு, அதைக் கடந்து போவதை மட்டும் சேர்க்கவேண்டும். திரும்பி வந்தால் கழித்துவிடவேண்டும். அங்கேயே சுற்றும் உள்ளூர்ப் பருந்து கணக்கில் வராது. ஒரு மணிக்கு ஒருமுறை காற்றின் திசையையும் மேகத்தையும் குறிப்பது வழக்கம். அடையாளம் தெரியாததை அப்படியே எழுதுவதும், எதுவும் வராத மணிநேரத்துக்குச் சுழியம் போடுவதும் நேர்மையான கணக்குக்கு அவசியம்.

மலை இறங்கிய பிறகும் வேலை இருக்கிறது. பகலில் தனித்தனியாக இரை தேடும் பூனைப்பருந்துகள், பொழுது சாயும்போது புல்வெளியில் ஒன்றுகூடித் தரையிலேயே அடையும். குஜராத்தின் வேளாவதர் இதற்குப் பெயர்பெற்றது. திருநெல்வேலிப் பகுதியில் ஏட்ரீ ஆய்வு நிறுவனத்தார் இவற்றைக் கவனித்திருக்கிறார்கள். எண்ணுபவர் தொலைவில் அசையாமல் நின்றால் போதும், டார்ச் கூடாது. தரிசு என்று காகிதத்தில் எழுதப்படும் அந்தப் புல்நிலம்தான் இந்தப் பறவைகளின் படுக்கை. அதை உழுதோ மனை போட்டோ அழித்தால், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்தவற்றுக்கு இரவு தங்க இடமிருக்காது.

இந்தக் கணக்குக்கு எவ்வளவு மதிப்பு என்பதை அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலுள்ள ஹாக் மவுண்டன் காட்டியது. வேட்டைக்காரர்கள் பருந்துகளைச் சுட்டுக் குவித்த மலை அது. 1934-ல் பறவைப் பாதுகாப்பு ஆர்வலர் ரோசலி எட்ஜ் அதைக் குத்தகைக்கு எடுத்து, மோரிஸ் புரூனையும் அவர் மனைவி இர்மாவையும் காவலுக்கு அமர்த்தினார். துப்பாக்கி ஓய்ந்த இடத்தில் புரூன் எண்ணத் தொடங்கினார். 1935 முதல் 1939 வரை அவர் கண்ட வெண்தலைக் கழுகுகளில் 40 சதவீதம் இளம் பறவைகள். 1955 முதல் 1959 வரை 20 சதவீதம்தான். குஞ்சு பொரிப்பதில் ஏதோ கோளாறு என்பதற்கான சாட்சியாக எழுத்தாளர் ரேச்சல் கார்சன் 1962-ல் தன் நூலில் இதை எடுத்துக்காட்டினார். அவர் காரணமாகச் சுட்டிய பூச்சிக்கொல்லியான டிடிடி-யை 1972-ல் அமெரிக்கா தடை செய்தது.

ஆகவே குறிப்பேட்டில் இனத்துக்கும் எண்ணிக்கைக்கும் பக்கத்தில் வயதுக்கும் ஒரு கட்டம் வேண்டும். இளம் புல்வெளிக் கழுகின் இறக்கையடியில் நீண்ட வெண்பட்டை ஓடும். வெளிறிய பூனைப்பருந்தின் இளம் பறவைக்கு அடிப்பகுதி கோடுகளில்லாத செம்பழுப்பு. இந்த இரண்டையும் பழகிக்கொண்டால் முதல் பருவத்துக்குப் போதும்.